டாக்டர் நல்லமுத்துவின் நம்பர்

அண்ணாச்சி, ஒரு நிமிஷம். அதை அனுப்பிராதீங்க. விரலை எடுங்க, எடுங்க. கோவிச்சுக்கிடாதீங்க, அடுத்தவர் போனை எட்டிப் பாக்குற ஆளு இல்ல நான். பக்கத்து சீட்டுல உக்காந்தா கண்ணு தன்னால போவுதுல்லா. போன இடத்துல அந்தப் படம் இருந்துது. வெள்ளைச் சட்டை, கழுத்துல ஸ்டெதஸ்கோப், கீழ 'டாக்டர் அ. நல்லமுத்து, சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர்'. 

யாருக்கு அனுப்பப் போனீங்க? தங்கச்சி மாப்பிள்ளைக்கா? அவரு ஊசி போடுதாரா? அப்போ அனுப்பவே அனுப்பாதீங்க அண்ணாச்சி. அந்த டாக்டரை எனக்குத் தெரியும். நல்லாவே தெரியும். அப்படி ஒரு ஆளே கிடையாது. அதை எழுதினது நான்தான்.

சிரிக்காதீங்க. நான் ஒண்ணும் மண்டை கழண்டவன் இல்ல. என் பேரு எபனேசர். ஆலங்குளத்துப் பக்கம் ஒரு ஸ்கூல்ல கம்ப்யூட்டர் வாத்தியார், பத்தொம்பது வருஷ சர்வீஸ். இப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கேன். நீங்க அனுப்பப் போனீங்கள்லா, அதைப் படிச்சிட்டு ஊசியை நிறுத்தின ஒரு மனுசன் அங்க நேத்துல இருந்து கிடக்காரு. அவரைப் பாக்கத்தான் போறேன். பயமா இருக்கு அண்ணாச்சி. வாத்தியார் இப்படிச் சொல்லக் கூடாது, ஆனா எனக்குப் பயமா இருக்கு. இந்தப் போனு மேல ஒரு கண்ணை வச்சுக்கிட்டே பேசுதேன், தப்பா நினைக்காதீங்க. இது அடிச்சா எனக்கு உசிரு போய் உசிரு வருது.

நம்ப மாட்டேங்கீங்க. 'நீங்கதான் எழுதினீங்கங்கிறதுக்கு என்ன ஆதாரம்'னு கேக்கீங்க. ஆகா! இந்தக் கேள்விக்காகத்தான் அண்ணாச்சி இவ்வளவும். இந்த ஒரு கேள்வியைப் பிள்ளைங்க கேக்கணும்னுதான் நான் அதை எழுதினதே. நீங்க அந்தப் பக்கத்தைப் பாத்துக் கேக்கல, என்னைப் பாத்துக் கேக்கீங்க. சரி போகட்டும். அந்தப் படத்துக்குக் கீழ ஒரு போன் நம்பர் இருக்குல்லா? அதுக்கு அடிங்க. அடிங்க, பரவாயில்ல.

கேட்டுதா? என் கையிலதான். சரி, கட் பண்ணிருங்க, சீக்கிரம். அந்த மனுசனோட மக கூப்பிடுத நேரத்துல லைன் கிடைக்காமப் போயிரக் கூடாது.

இப்போ நம்புதீங்கள்லா. அப்போ கேளுங்க. பஸ் பேட்டைக்கு வாரதுக்குள்ள சொல்லி முடிச்சிருதேன்.

பிள்ளைங்க எதைப் பாத்தாலும் நம்பிருதுங்க அண்ணாச்சி. போன்ல வந்துட்டா வேதவாக்கு. கிரகணத்துல சாப்பிட்டா குடல் ஒட்டிரும்னு ஒருத்தன் கட்டுரையே எழுதிட்டு வந்தான், எங்கே எடுத்தடான்னு கேட்டா 'நெட்ல சார்'ங்கான். என்னமோ நெட்டுங்கிறது அவன் பெரியப்பா மாதிரி. எனக்கு எரிச்சலா வந்துது. அதனால நான் ஒரு பாடம் தயார் பண்ணினேன். ஒரு வெப்சைட்டை நம்பலாமா கூடாதா, எப்படிக் கண்டுபிடிக்கிறது. அஞ்சு கேள்வி. எழுதினவர் பேரு இருக்கா? எந்தத் தேதியில எழுதினாங்க? பிழை இல்லாம இருக்கா? முகவரி, போன் நம்பர் இருக்கா? எதையாவது விக்கப் பாக்காங்களா? அஞ்சையும் பெரிய சார்ட்ல எழுதி லேப்ல ஒட்டினேன். பயிற்சிக்குப் போன இடத்துல இதைச் சொன்னேன், நாலு ஸ்கூல் வாத்தியாருங்க போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாங்க. சும்மா சொல்லல.

சரி, கேள்வி குடுத்தாச்சு, பரீட்சை வைக்கணும்லா? அதுக்கு ஒரு பொய்ப் பக்கம் வேணும். நெட்ல கிடக்குற பொய்யைக் காட்டலாம்னுதான் மொதல்ல தேடினேன். எல்லாம் அசிங்கமா இருக்கு அண்ணாச்சி. வரிக்கு ரெண்டு பிழை, ஒற்று கிடையாது, ளகர லகரம் கிடையாது. எங்க அப்பா தமிழ் வாத்தியார். இந்தக் கண்றாவியைப் பிள்ளைங்களுக்குக் காட்ட எனக்கு மனசு வரல. நானே ஒண்ணு பண்ணிருவோம்னு உக்காந்தேன்.

மூணு நாள் வேலை. பொங்கலுக்கு முந்தி, பனங்கிழங்கு சீசன். கிழங்கை அவிச்சு உரிச்சா நடுவுல குருத்து மாதிரி ஒண்ணு இருக்கும்லா, அதைக் காய வச்சுப் பொடி பண்ணி இருபத்தொரு நாள் வெந்நீர்ல குடிச்சா சர்க்கரை அடியோட போயிரும், ஊசியே வேண்டாம்னு எழுதினேன். இதை எவன் நம்புவான்? நம்ம ஊர்ல நித்தம் திங்கோம், நம்ம ஊர்லதான் தெருவுக்கு நாலு பேருக்குச் சர்க்கரை. சிரிச்சிருவாங்கன்னு நினைச்சேன். டாக்டர் படத்துக்கு எங்க மச்சானை நிக்க வச்சேன். அவரு ரேஷன் கடையில இருக்காரு, ஆனா முகவெட்டு அப்படியே டாக்டர் மாதிரி இருக்கும். நம்பர் ஒண்ணு போடணும்லா, வேற யாரு நம்பரையும் போட்டா தப்பாப் போயிருமேன்னு என்னோட ரெண்டாவது நம்பரைப் போட்டேன். தேதி போட்டேன். முகவரி போட்டேன். ஒரு பிழை கிடையாது. நானே சொல்லக் கூடாது, ஆனா நல்லா வந்துது அண்ணாச்சி. நல்லா வந்துது.

கடைசியில ஒரே ஒரு துப்பு மட்டும் வச்சேன். படிச்சீங்களா, கீழ சின்ன எழுத்துல? 'இந்த உண்மையை மறைக்க நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தை அழிக்க வைப்பார்கள். எழுதியவரையே இது பொய் என்று சொல்ல வைப்பார்கள். ஏமாறாதீர்கள்.' புத்தியுள்ள பிள்ளை இதைப் படிச்சா 'சார், இது என்னமோ சரியில்லையே'ன்னு கையைத் தூக்கும்னு நினைச்சேன்.

நாப்பத்திரெண்டு பிள்ளைங்க. பதினொண்ணாங் கிளாஸ். ஒருத்தன், ஒருத்தி கையைத் தூக்கல. அஞ்சு கேள்விக்கும் டிக் போட்டு, அஞ்சுக்கு அஞ்சு குடுத்து, 'நம்பத் தகுந்தது'ன்னு எழுதி வச்சிருக்குங்க. அந்தக் கடைசி வரியைக் கேட்டா, 'அது விழிப்புணர்வு சார்'ங்குதுங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. எல்லாவனும் பெயில்னு சொல்ல வாயைத் திறக்கேன், பெல் அடிச்சிட்டு. சரி, அடுத்த கிளாஸ்ல உடைச்சுச் சொல்லுவோம், அப்பத்தான் நல்லா மண்டையில ஏறும்னு விட்டுட்டேன்.

அங்கதான் அண்ணாச்சி எல்லாம் போச்சு.

மறுநாள்ல இருந்து பொங்கல் லீவு. லீவு முடிஞ்சு வந்தா எனக்குச் செவ்வாய்க்கிழமை பீரியடு. கணக்கு சார் வந்து, 'எபனேசர், போர்ஷன் முடியல, உன் பீரியடை எனக்குக் குடுத்துரு'ங்காரு. எங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் பீரியடுன்னா எல்லாவனுக்கும் இளக்காரம். குடுத்தேன். அடுத்த பீரியடு குடியரசு தினத்துக்கு மார்ச் பாஸ்ட் பழகப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஆக, பொய்யை வகுப்புல வச்சது ஒரு நாளு, அதைப் பொய்யின்னு சொன்னது பதினெட்டு நாள் கழிச்சு. இதுக்கு நான் என்ன செய்ய? நீங்களே சொல்லுங்க. அந்தக் கணக்கு சாரை நான் சும்மா விடப் போறதில்ல.

இல்ல, அந்தப் பதினெட்டு நாளும் பக்கத்தை எடுத்திருக்கலாம்தான். கேக்கீங்க, நியாயம்தான். எத்தனை பேரு பாத்தாங்கன்னு அதுலயே ஒரு எண்ணிக்கை காட்டும். மொதல்ல நாப்பத்திரெண்டு. பொங்கலன்னைக்கு நானூறு. ரெண்டு நாள்ல மூவாயிரம். எனக்கு... என்ன சொல்ல. பிள்ளைங்க ஆர்வமா ஆராய்ச்சி பண்ணுதுங்கன்னு நினைச்சேன். மாவட்ட அளவுல ஆசிரியர் விருதுக்கு இதை அனுப்பலாமான்னுகூட ஒரு நெனப்பு ஓடிச்சு. வீட்டுக்காரிகிட்ட காட்டினேன். அவளுக்கு அது பிடிக்கல, 'எடுத்துருங்க, பாக்கவே நல்லா இல்ல'ன்னா. எங்க அண்ணன் படத்தை டாக்டராக்கிட்டீங்களேங்கிற கோவம்னு நினைச்சுக்கிட்டேன்.

இருபத்தேழாம் தேதி கிளாஸ்ல உடைச்சேன். 'நல்லமுத்துன்னு யாரும் கிடையாது, எல்லாம் நான் எழுதின பொய்யி'ன்னு. பிள்ளைங்க மேசையைத் தட்டிச் சிரிக்குதுங்க. ஒரே ஒரு பிள்ளை மட்டும் சிரிக்கல. மாரிசெல்வின்னு பேரு, ரெண்டாவது பெஞ்சு. அவ அப்பா உச்சிமாகாளி, கடைத்தெருவுல பஞ்சர் ஒட்டுதாரு. அம்மா பீடி சுத்துதாங்க. அந்தப் பிள்ளை மட்டும் எந்திரிச்சு நிக்கா. முகத்துல ரத்தமே இல்ல. எல்லாரும் போன பிறகு கிட்ட வந்து, 'சார், எங்க அப்பா பொங்கல்ல இருந்து ஊசி போடல சார்'ங்கா.



'ஏ பிள்ள, அஞ்சு கேள்வி சொல்லிக் குடுத்தேன், இதை எப்படி நம்பின?'ன்னு கத்துதேன். அவ அழவே இல்ல. 'நான் அஞ்சோட நிக்கல சார். அந்த நம்பரைப் பாத்தேன். போன வருஷம் ஸ்காலர்ஷிப் விஷயமா நீங்க எங்க வீட்டுக்குப் பேசுன நம்பரு. அப்போ இதை எழுதினது நீங்கதான்னு தெரிஞ்சிட்டு. எங்க சார் பொய் எழுத மாட்டாருன்னு அப்பாட்ட சொன்னேன்'ங்கா.

கேட்டீங்களா அண்ணாச்சி? நாப்பத்திரெண்டு பேருல எழுதினது யாருன்னு நிசமாத் தேடிப் பாத்தது அந்த ஒரு பிள்ளைதான். தேடி என்கிட்ட வந்து நின்னுருக்கா.

இன்னொண்ணு சொல்லுதேன், இதை என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லல. அன்னைக்கு சாயங்காலம் அவ நோட்டை எடுத்துப் பாத்தேன். லீவுல நான் திருத்தின நோட்டுதான். அஞ்சு கேள்விக்குக் கீழ, அவளா ஒரு ஆறாவது கேள்வி எழுதியிருக்கா. 'எழுதியவரை நமக்குத் தெரியுமா? தெரியும். அவர் நல்லவரா? ஆம்.' அதை நான் சிவப்பு மையில அடிச்சு, பக்கத்துல 'தேவையற்றது'ன்னு எழுதி வச்சிருக்கேன். என் கையெழுத்து. படிச்சேனா படிக்கலையான்னே நினைவில்ல. நாப்பத்திரெண்டு நோட்டு அண்ணாச்சி, பொங்கல் நேரம். அஞ்சு கேட்டா ஆறு எழுதியிருக்கான்னு அடிச்சிருப்பேன். அன்னைக்கு ஒரு வரி நின்னு படிச்சிருந்தா... விடுங்க.

சீதபற்பநல்லூர் தாண்டிட்டா? சரி.

அவளையும் கூட்டிக்கிட்டு அன்னைக்கே கடைக்குப் போனேன். உச்சிமாகாளி டியூபைத் தண்ணிக்குள்ள அமுக்கிக்கிட்டு இருக்காரு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, கையைத் துடைச்சு, ஸ்டூலைத் தள்ளி வைக்காரு. ஆளு பாதியாப் போயிருக்காரு. ஆனா முகமெல்லாம் சிரிப்பு. 'உடம்பு காத்து மாதிரி இருக்கு சார், உங்களுக்குக் கோயில் கட்டணும்'ங்காரு. காலுல பாத்தேன், பெருவிரல்ல துணி சுத்தியிருக்கு. 'ஜாக்கி விழுந்துட்டு, சின்னக் காயம்'ங்காரு.

எல்லாத்தையும் சொன்னேன். பொய்யி, நான்தான் எழுதினேன், பாடம் நடத்த எழுதினேன், டாக்டர் எங்க மச்சான், ரேஷன் கடையில இருக்காரு. நான் சொல்லச் சொல்ல அந்த மனுசன் முகத்துல சிரிப்பு போச்சு. பக்கத்துல வந்து, மெதுவா, 'யாரு சார் உங்களை மிரட்டுனது?'ங்காரு.

இல்ல உச்சிமாகாளிங்கேன். 'கடைசி வரியில எழுதியிருந்தீங்களே சார், எழுதினவரையே பொய்யின்னு சொல்ல வைப்பாங்கன்னு. மக படிச்சுக் காட்டினா. பயப்படாதீங்க சார், நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்'ங்காரு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு எனக்கு ஆறுதல் சொல்லுதாரு அண்ணாச்சி! நான் என்ன செய்தேன், அவரு கண்ணு முன்னால போனை எடுத்து அந்தப் பக்கத்தை அழிச்சேன். பாருங்க, அழிச்சிட்டேன், ஒண்ணும் கிடையாதுன்னு காட்டினேன். அவரு மகளைத் திரும்பிப் பாத்து, 'பாத்தியா, அழிக்க வச்சிட்டானுவ'ங்காரு.

அன்னைக்குத்தான் எனக்குப் பயம் பிடிச்சுது. நான் எழுதின ஒரு வரி எனக்கு முன்னாலயே போய் அவரு வாசல்ல உக்காந்திருக்கு. நான் என்ன சொன்னாலும் அது அவருக்குப் பதில் சொல்லிக் குடுக்குது. தினம் சாயங்காலம் போனேன். பாதிரியாரைக் கூட்டிட்டுப் போனேன். கிராம நர்ஸம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். யாரு வந்தாலும், 'பாவம் சார், உங்களை ரொம்பப் படுத்துதானுவ'ங்காரு. அழிச்ச பக்கத்தை யாரோ முந்தியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊரெல்லாம் விட்டுட்டான். இந்தா, இப்போ உங்க போன்ல இருக்கு. சாத்தான்குளமா நீங்க? அங்க வரைக்கும் போயிருக்கு. இன்னும் எத்தனை உச்சிமாகாளி எங்கெங்க உக்காந்து பொடியைக் கலக்கிக் குடிக்கானோ, எனக்குத் தெரியாது. கண்ணை மூடினா அதான் வருது.

நேத்து கடையில தலை சுத்தி விழுந்துட்டாரு. சர்க்கரை நானூத்தி எண்பது. பெருவிரல் கருத்துப் போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. குளுக்கோஸ் மாதிரி என்னமோ ஏத்தவிட்டாரு, ஊசியை மட்டும் கிட்டயே விட மாட்டேங்காரு. நினைவோட இருக்குற மனுசன் வேண்டாம்னா பிடிச்சு வச்சா போட முடியும்? இன்னைக்குள்ள ஆரம்பிக்கலேன்னா காலோட நிக்காது, உயிருக்கே உத்தரவாதம் இல்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களாம். காலையில பிள்ளை போன் பண்ணிச் சொன்னா. அவளுக்குப் பதினாறு வயசு அண்ணாச்சி. 'நான்தான சார் படிச்சுக் காட்டினேன்'னு ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லுதா. இல்ல பிள்ள, நான்தான், நான்தான்னு நானும் சொல்லுதேன். ரெண்டு பேரும் சேந்து...

அடிக்குது. நீங்க இல்லையே? உங்க போனு மடியில இருக்கு. அவதான். எடுக்கட்டா? எடுக்கேன்.

சொல்லு பிள்ள. ஆமா, பஸ்ல இருக்கேன். என்னது? சட்டையை மாட்டிட்டாரா? யாரு கையெழுத்துக் கேட்டா? போட விடாத, பேனாவை வாங்கி வச்சுக்க. அம்மா என்ன செய்யுதாங்க? அழுதா என்ன ஆவும், வாசலை மறிச்சு நிக்கச் சொல்லு. நான் பேசுதேன், குடு. ...என்ன? என் பேச்சு வேண்டாங்காரா? பின்ன யாரு சொன்னாக் கேப்பாராம்?

...சரி. வை. அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம் பிடிச்சு வை, திரும்பக் கூப்பிடுதேன்.

அண்ணாச்சி, 'என் சொந்தப் பொறுப்புல போறேன்'னு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்புதாராம். செருப்பு காலுல ஏற மாட்டேங்குது, அதான் இன்னும் நிக்காரு. வீட்டுக்குப் போனா முடிஞ்சுது. மகளும் அம்மாவும் கால்ல விழுந்து கேட்டிருக்காங்க. 'நல்லமுத்து டாக்டர் ஒரு வார்த்தை சொல்லட்டும், போட்டுக்கிடுதேன்'னு சொல்லியிருக்காரு. வைத்தியம் டாக்டரோடது, நான் அதை எழுதிக் குடுத்த ஆளுன்னுதான் இன்னும் அவரு நினைப்பு.

எங்க மச்சான் பேச மாட்டாரு. படம் ஊரெல்லாம் சுத்தினதுல இருந்து என் போனையே எடுக்கதில்ல. என் குரல் உச்சிமாகாளிக்குத் தெரியும்.

அண்ணாச்சி... ஏறின உடனே கண்டக்டர்ட்ட 'ஒரு ஜங்ஷன்'னு கேட்டீங்கள்லா. முன்னால இருந்த ஆளெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. நல்ல கனத்த குரல். நான் அப்பவே நினைச்சேன்.

எந்திரிக்காதீங்க. உக்காருங்க, உங்களைக் கும்பிடுதேன். பொய்தான். நான் இல்லங்கலயே. பொய் சொல்லாதீங்கன்னு இவ்வளவு நேரம் உங்ககிட்ட கத்தினவன் நான்தான், எனக்குத் தெரியாதா? ஆனா அந்த மனுசன் நம்புறது உலகத்துல ஒரே ஒருத்தனைத்தான், அந்த ஒருத்தன் கிடையாது. நம்பர் இருக்கு. டாக்டர் நம்பர்ல இருந்துதான் போகும். குரல் மட்டும்தான் வேணும்.

ரெண்டே வரி. கேளுங்க. மொதல்ல பேரைச் சொல்லிருங்க, 'நான் டாக்டர் நல்லமுத்து பேசுதேன்'னு. இல்ல, 'பேசுகிறேன்'னு சொல்லுங்க, அவரு அப்படித்தான் பேசுவாரு. இன்னைக்குத் தேதியைச் சொல்லுங்க. பொடியைக் குடிச்சது போதும், இனி இருபத்தொரு நாள் ஊசி போட்டாத்தான் பொடி வேலை செய்யும், டாக்டரம்மா நம்ம ஆளுதான்னு சொல்லுங்க. காசு கீசுன்னு எதையும் பேச்சுல எடுத்துராதீங்க. தடுமாறாம, ஒரு பிழை வராமப் பேசுங்க. அஞ்சையும் பாப்பாரு அண்ணாச்சி, அவரு மக சொல்லிக் குடுத்திருக்கா.

ரிங் போவுது. பிடிங்க. காதுல வச்சுக்கிடுங்க.

நம்புற மாதிரிச் சொல்லுங்க.